கேள்வி நேரம்: கணினிக்குள் மருந்து தேடலாமா?

புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் கணினியில் மாதிரியாக அமைத்து மருந்து தேடுவது பற்றிச் சென்ற இதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகள் அரைப் பக்கத்தில் அடங்கவில்லை. ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டிருந்தால் கோபமாகக் கேட்டவருடைய வரிகளையே எடுத்துக்கொண்டேன், விஷயம் அதில்தான் தெளிவாக இருந்தது.

கேள்வி: "கணினியே மருந்தைக் கண்டுபிடித்தது" என்று செய்தி போடுகிறார்கள். கணினிக்குள் மாத்திரை எப்படிச் செய்வார்கள்? அறிவியல் எனக்குப் பள்ளியோடு சரி, புரிகிற மாதிரி சொல்லவும். – ஒரு வாசகி

பதில்: மாத்திரையைக் கணினியில் செய்ய முடியாது. எந்த மூலக்கூறைச் செய்து பார்க்கலாம், எதை விட்டுவிடலாம் என்று முடிவெடுக்கத்தான் கணினி.

முதலில் புரதத்துக்கு வருவோம். உடம்புக்குள் வேலை பார்ப்பவை பெரும்பாலும் புரதங்கள்தான். புரதம் செய்வதற்கான குறிப்பைத் தாங்கிய மரபணுக்கள் மட்டும் மனிதரிடம் சுமார் 20,000 உண்டு. அமினோ அமிலங்களை மணி கோத்த மாதிரி கோத்த சங்கிலி அது, தானே மடங்கிச் சுருண்டு ஓர் உருவம் எடுக்கிறது. அந்த உருவத்தின் மேல் மேடு பள்ளம் இருக்கும், தண்ணீரோடு சேராத எண்ணெய்ப் பாங்கான இடங்கள் இருக்கும், நேர்மின், எதிர்மின் புள்ளிகள் இருக்கும். ஒரு புரதத்தின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் உட்கார்ந்து, நேர்மின்னுக்கு எதிரே எதிர்மின் வந்தால் இரண்டும் ஒட்டும். ஒட்டினால் ஒரு சேதி கடத்தப்படும், விலகினால் சேதி நிற்கும்.

ஒட்டக் கூடாத இடத்தில் ஒட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அரிவாள் செல் இரத்தசோகையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். அதில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் வேலின் எண்ணெய்ப் பாங்கானது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட நிலையில், பக்கத்து ஹீமோகுளோபினில் இருக்கும் ஒரு சின்னக் குழியில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. அடுத்தது அதற்கு அடுத்ததில், இப்படியே நீண்ட நார்களாகி இரத்த அணுவையே அரிவாள் மாதிரி வளைத்துவிடுகிறது. ஒரு நோயின் வேர் ஒரு மூலக்கூறில் இருக்கிறது என்று லைனஸ் பாலிங் குழு 1949-இல் முதன்முதலாகக் காட்டியது இந்த நோயை வைத்துத்தான்.

இப்போது கணினி. புரதத்தின் ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்ற முப்பரிமாண வரைபடத்தை அதற்குள் ஏற்றி, அந்தக் குழியில் ஒரு சின்ன மூலக்கூறைத் திருப்பித் திருப்பி ஆயிரம் விதமாக வைத்துப் பார்த்து, எந்த விதத்தில் நன்றாகப் பொருந்துகிறது என்று மதிப்பெண் போடுவார்கள். இதற்கு டாக்கிங் என்று பெயர். இர்வின் குன்ட்ஸ் குழு 1982-இல் இதைத் தொடங்கிவைத்தது. அன்று ஒன்றிரண்டு மூலக்கூறுகளைப் பார்த்தார்கள். 2019-இல் வந்த ஓர் ஆய்வில் டோபமின் டி4 ஏற்பிக்கு (செல்லின் மேல் உட்கார்ந்து சேதியை வாங்கிக்கொள்ளும் ஒரு புரதம்) 13 கோடிக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளைக் கணினியில் வைத்துப் பார்த்துவிட்டு, 549-ஐ மட்டும் உண்மையில் தயாரித்துச் சோதித்தார்கள். அதில் பிகோமோலார் அளவிலேயே வேலை செய்யும் ஒன்று கிடைத்தது, அதாவது நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்கு நீர்த்த கரைசலிலும் போய் ஒட்டக்கூடியது. 13 கோடியையும் தயாரித்துப் பார்க்க யாராலும் முடியாது. கணினி மிச்சப்படுத்துவது அந்த வேலையைத்தான்.

கேள்வி: பூட்டும் சாவியும் என்று படித்தோமே, அது சரியா தவறா? – ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: புரதம் பூட்டு, அதில் ஒட்டும் மூலக்கூறு சாவி என்று எமில் ஃபிஷர் 1894-இல் சொன்னது அது. பாதி சரி. மீதிப் பாதியை 1958-இல் டேனியல் கோஷ்லாண்ட் சேர்த்தார்: சாவி நுழையும்போது பூட்டும் நெளிகிறது. இன்று பார்த்தால் அதுவும் போதாது, ஏனென்றால் சாவி வராவிட்டாலும் பூட்டு ஓயாமல் நடுங்கிக்கொண்டேதான் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் அசையாமல் நிற்கும் வண்ணப் படம் நமக்குச் செய்த தீங்கு கொஞ்சமல்ல.

அந்த நடுக்கத்தைக் கணக்கிடுவதற்கு மூலக்கூறு இயங்கியல் என்று ஒரு முறை உண்டு, துறையில் இருப்பவர்கள் எம்டி என்றுதான் சொல்வார்கள். ஒவ்வோர் அணுவின் மேலும் எவ்வளவு விசை என்று பார்த்து, ஒரு ஃபெம்டோ நொடிக்கு (ஒரு நொடியை ஆயிரம் இலட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு துண்டு) அதைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி விசையைக் கணக்கிட்டு, மறுபடி நகர்த்தி, இப்படியே போக வேண்டும். 1977-இல் முதன்முதலாக ஒரு புரதத்துக்கு இதைச் செய்தபோது, 58 அமினோ அமிலம் மட்டுமே உள்ள குட்டிப் புரதத்துக்குக் கிடைத்த மொத்த நேரம் 9.2 பிகோ நொடி (ஒரு பிகோ நொடி என்பது ஆயிரம் ஃபெம்டோ நொடி). அதே புரதத்தை 2010-இல் டி. இ. ஷா ஆய்வகம், இதற்கென்றே கட்டிய ஆன்டன் என்ற கணினியில் ஒரு மில்லி நொடிவரை ஓட்டியது. பத்துக் கோடி மடங்கு! அப்படியும் பல புரதங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலக எடுத்துக்கொள்ளும் நேரம் நொடிக்கணக்கில், நிமிடக்கணக்கில் இருக்கிறது. மில்லி நொடி எந்த மூலைக்கு?

கேள்வி: புரதத்தோடு மருந்தை ஒட்டுவது பழைய கதை. இரண்டு புரதங்கள் ஒட்டுவதை நடுவில் புகுந்து தடுப்பது மிகவும் கடினம் என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். ஏன் கடினம்? யாராவது செய்து காட்டியிருக்கிறார்களா? – முதுகலை மாணவர்

பதில்: கடினம்தான், காரணம் வடிவம். நொதிகளுக்கு இயல்பாகவே ஆழமான குழி இருக்கும், அதில் சின்ன மூலக்கூறு உட்காரும். இரண்டு புரதங்கள் சந்திக்கும் பரப்பு அப்படியில்லை. சாதாரணமாக 1,600 சதுர ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) அளவில், இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்த மாதிரி பரந்து தட்டையாகக் கிடக்கும். வாயால் விழுங்கும் மருந்தின் மூலக்கூறு எடை 500-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று 1997-இல் லிபின்ஸ்கி வகுத்த விதி ஒன்று உண்டு. அவ்வளவு சின்னப் பொருள் அவ்வளவு பெரிய பரப்பை மறைக்க முடியுமா? முடியாது என்றுதான் ரொம்ப நாள் கைவிட்டிருந்தார்கள்.

வழி திறந்தது 1995-இல். மனித வளர்ச்சி ஹார்மோனும் அதன் ஏற்பியும் சந்திக்கும் பரப்பில் ஒவ்வோர் அமினோ அமிலமாக எடுத்து, அதன் பக்கக் கிளையை வெட்டியது போல அலனினாக மாற்றி, பிணைப்பு எவ்வளவு தளர்கிறது என்று கிளாக்சனும் வெல்ஸும் பார்த்தார்கள். பிணைப்பு ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் நடுவிலிருந்த ஒரு சின்னப் பகுதியிலிருந்தே வந்தது, அதிலும் ஏற்பியில் இருக்கும் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலங்கள் இரண்டுதான் பெரும்பாரத்தைத் தாங்கின. சுற்றியிருந்தவை பெரும்பாலும் கூட்டத்துக்கு வந்தவை. இந்த இடங்களை 'ஹாட் ஸ்பாட்' என்கிறார்கள். அப்படியானால் முழுப் பரப்பையும் மறைக்க வேண்டாம், அந்த இடத்தில் ஓர் ஆப்பு அடித்தால் போதும். புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தை எம்டிஎம்2 என்ற புரதம் பிடித்துவைத்துக்கொள்கிறதே, அங்கேயும் இதே கதை: பி53-இன் மூன்றே மூன்று அமினோ அமிலங்கள் (ஃபீனைல்அலனின், டிரிப்டோஃபான், லூசின்) எம்டிஎம்2-இன் குழிக்குள் போகின்றன. அந்த மூன்றைப் போலவே நடிக்கும் நட்லின் என்ற சேர்மங்கள் 2004-இல் வந்தன. இன்று கணினியில் ஹாட் ஸ்பாட் தேடுபவர்கள் செய்வது அதே அலனின் வேலைதான், சோதனைக் குழாயில் செய்வதற்குப் பதில் ஆற்றல் கணக்கில் செய்கிறார்கள்.

செய்து காட்டியிருக்கிறார்களா என்று கேட்டீர்கள். வெனெட்டோகிளாக்ஸ் என்ற இரத்தப் புற்றுநோய் மருந்து. இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தமானது, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செல் தானாகச் சாகாமல் தடுக்கும் புரதம் பிசிஎல்-2. சில புற்றுநோய்ச் செல்கள் இதைக் குவித்துவைத்துக்கொண்டு சாக மறுக்கின்றன. சாவைத் தூண்டும் புரதங்களின் ஒரு சுருளைப் பிடித்துக்கொள்ளும் நீண்ட பள்ளம் பிசிஎல்-2-இன் மேல் இருக்கிறது, அந்தப் பள்ளத்தை அடைக்க வேண்டும். காந்த ஒத்ததிர்வுக் கருவியை வைத்து, இதன் தம்பியான பிசிஎல்-எக்ஸ்எல்லில் இருக்கும் அதே மாதிரிப் பள்ளத்தின் ஒரு மூலையில் பலவீனமாக ஒட்டும் ஒரு சின்னத் துண்டையும் பக்கத்து மூலையில் ஒட்டும் இன்னொரு துண்டையும் கண்டுபிடித்து, இரண்டையும் சேர்த்துக் கட்டி, செதுக்கிச் செதுக்கி 2005-இல் ஏபிடி-737 என்ற மூலக்கூறை வெளியிட்டார்கள். நன்றாக வேலை செய்தது, ஆனால் விழுங்கினால் உடம்பில் சேரவில்லை. அடுத்து வந்த நாவிட்டோகிளாக்ஸை விழுங்க முடிந்தது. ஆனால் அது பிசிஎல்-2-ஓடு தம்பி பிசிஎல்-எக்ஸ்எல்லையும் சேர்த்து அடைத்தது, அந்தத் தம்பியை நம்பித்தான் இரத்தத் தட்டணுக்கள் உயிரோடு இருக்கின்றன. மருந்து கொடுத்தால் தட்டணுக்கள் சரிந்தன.

அண்ணனை மட்டும் அடைத்து, தம்பியை விட வேண்டும். இருவருடைய பள்ளமும் கிட்டத்தட்ட ஒன்று. திருப்பம் ஒரு படிகத்திலிருந்து வந்தது: மருந்தின் ஒரு பகுதியை வெட்டிவிட்டு பிசிஎல்-2-ஓடு சேர்த்துப் படிகமாக்கி, அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று எக்ஸ்-கதிரால் பார்த்தபோது, காலியாக இருந்த குழிக்குள் பக்கத்துப் புரத மூலக்கூறின் ஒரு டிரிப்டோஃபான் வந்து உட்கார்ந்திருந்தது. யாரும் அதை அங்கே வைக்கவில்லை, படிகம் அடுக்கிக்கொண்ட விதத்தில் தற்செயலாக நடந்தது. அந்த டிரிப்டோஃபான் உட்கார்ந்த விதத்தைப் பார்த்து, அதே வளையத்தை மருந்தில் ஒட்டினார்கள். அந்த இடத்தில் பிசிஎல்-2-இல் அஸ்பார்ட்டிக் அமிலம், தம்பியிடம் கொஞ்சம் நீளமான குளுட்டாமிக் அமிலம். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது போதுமாக இருந்தது. அதுதான் வெனெட்டோகிளாக்ஸ். 2016-இல் அமெரிக்காவில் நாட்பட்ட லிம்போசைட்டிக் இரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. மூலக்கூறு எடை 868. லிபின்ஸ்கி விதியை மீறிய மாத்திரை!

கவனித்திருப்பீர்கள், இந்தக் கதையில் கணினி கதாநாயகன் இல்லை. கூட நடந்தது, படத்தைக் காட்டியது, எந்த வளையம் பொருந்தும் என்று பார்க்க உதவியது. கணினியை மட்டும் நம்பியிருந்தால் அந்த டிரிப்டோஃபான் உள்ளே வந்திருக்காது.

கேள்வி: நான் ஒரு தாவரத்தின் 40 சேர்மங்களை எடுத்து, ஒரு புற்றுநோய்ப் புரதத்தோடு டாக்கிங் செய்தேன். ஒரு சேர்மத்துக்கு −11.2 கிலோகலோரி வந்தது, சந்தையில் இருக்கும் மருந்துக்கு −8.9 தான். என் சேர்மம் மேல் என்று கட்டுரை எழுதலாம் என்கிறார் வழிகாட்டி. நீங்கள் சென்ற இதழில் டாக்கிங் மதிப்பெண்ணைக் கிண்டல் செய்தது எங்களைப் போன்றவர்களைப் புண்படுத்துகிறது. – ஆய்வு மாணவி

பதில்: புண்பட்டிருந்தால் மன்னியுங்கள், ஆனால் எழுதாதீர்கள். கட்டுரையைச் சொல்கிறேன்.

டாக்கிங்கில் எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு வலுவான பிணைப்பு என்று படிக்கிறார்கள். அந்த −11.2 என்ற எண்ணுக்குப் பின்னால் கிலோகலோரி என்று அச்சிட்டிருப்பதால் அது அளந்த ஆற்றல் போலத் தோன்றுகிறது. அது மதிப்பெண். ஒரு சூத்திரம், ஏற்கெனவே அளந்த சில பிணைப்புகளுக்கு ஒத்துவரும்படி திருகிவைத்த சூத்திரம். அறை வெப்பநிலையில் பிணைப்பு ஆற்றலில் சுமார் 1.4 கிலோகலோரி மாறினால் பிணைப்பின் வலு பத்து மடங்கு மாறும். டாக்கிங் சூத்திரங்கள் இரண்டு கிலோகலோரி பிசகுவது சர்வ சாதாரணம், அதாவது முப்பது மடங்கு பிசகு. உங்கள் இரண்டு எண்களுக்கும் நடுவே இருப்பது 2.3. இதில் எது மேல், எது கீழ்?

அப்புறம் மூலக்கூறின் அளவு. பெரிய மூலக்கூறு புரதத்தைத் தொடும் இடங்கள் அதிகம், தொட்ட இடத்துக்கெல்லாம் மதிப்பெண் ஏறும். தாவரச் சேர்மங்களில் சர்க்கரைத் துண்டுகள் ஒட்டிய பெரிய கிளைகோசைடுகள் எப்போதும் பட்டியலில் முதலில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது மருந்தின் குணமில்லை, பருமனின் குணம். மதிப்பெண்ணை ஹைட்ரஜன் அல்லாத அணுக்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், வரிசை அப்படியே கவிழ்ந்துவிடலாம்.

சரி, என்ன செய்யலாம்? படிகத்தில் மருந்தோடு சேர்ந்தே இருக்கும் அமைப்பை எடுத்து, மருந்தை வெளியே எடுத்துவிட்டு மறுபடி டாக்கிங் செய்து, அது இரண்டு ஆங்ஸ்ட்ராமுக்குள் பழைய இடத்திலேயே உட்காருகிறதா என்று பாருங்கள். அது எளிய தேர்வு, இதில்கூடத் தோற்றால் மேலே போக வேண்டாம். இன்னும் கடினமான தேர்வு, வேறொரு மருந்தோடு எடுத்த படிகத்தில் இந்த மருந்தை வைத்துப் பார்ப்பது. அங்கேதான் பலருக்கு முகம் வாடும், ஏனென்றால் குழியே வேறு வடிவத்தில் இருக்கும். பிறகு, அந்தப் புரதத்தோடு உண்மையில் ஒட்டும் என்று தெரிந்த சேர்மங்களையும், பார்க்க அவை மாதிரியே இருந்து ஒட்டாதவற்றையும் கலந்து கொடுங்கள். நீங்கள் அமைத்துவைத்த முறைக்கு அவற்றைப் பிரிக்கத் தெரிகிறதா? தெரியவில்லையென்றால் உங்கள் 40 சேர்மங்களின் வரிசைக்கு அர்த்தமில்லை. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தில் புரோட்டான் (ஹைட்ரஜன்) எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு முறையாவது பார்த்தீர்களா? மென்பொருள் தானாக வைத்ததை விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன், நானும் பல வருடம் அப்படித்தான் விட்டேன். குழிக்குள் ஒரே ஒரு ஹைட்ரஜன் இடம் மாறியதில் நான் ஒரு மாதம் தவறான பக்கம் ஓடியிருக்கிறேன்.

குழாயில் சோதித்தாலும் பொறி உண்டு. தண்ணீரில் சரியாகக் கரையாத சேர்மங்கள் உருண்டை உருண்டையாகத் திரண்டு, எந்தப் புரதம் வந்தாலும் பிடித்துக்கொள்ளும், பார்க்க மருந்து மாதிரியே தோன்றும். பிரையன் ஷோய்செட் குழு இதை விரிவாகக் காட்டியிருக்கிறது. கரைசலில் கொஞ்சம் சோப்புத்தன்மையுள்ள பொருளைச் சேர்த்தால் உருண்டை கலைந்து குட்டு வெளிப்படும். மஞ்சளில் இருக்கும் குர்குமின், வெங்காயத்தில் இருக்கும் குவெர்செட்டின் போல எல்லாப் புரதத்துக்கும் 'மருந்தாக' வரும் சேர்மங்களைக் கண்டால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

டாக்கிங்கே வீண் என்று சொல்லவில்லை. முதல் பதிலில் சொன்ன டி4 ஆய்வில் நல்ல மதிப்பெண், நடுத்தரம், மோசம் என்று எல்லா மட்டத்திலிருந்தும் சேர்மங்களைத் தயாரித்துச் சோதித்தார்கள், மதிப்பெண் இறங்க இறங்க வெற்றி விகிதமும் இறங்கியது. கோடிக்கணக்கில் கொட்டிச் சலித்தால் சல்லடை வேலை செய்கிறது என்று அர்த்தம். நாற்பதில் முதலாவதையும் இரண்டாவதையும் பிரிக்க அது தராசு இல்லை. கொஞ்சம் நுணுக்கமான தராசு வேண்டுமென்றால் கட்டிலா ஆற்றல் கணக்கீடு இருக்கிறது. ஒரு மூலக்கூறைச் சிறுகச் சிறுக இன்னொன்றாக மாற்றிக்கொண்டே வரும் கணக்கு அது, நெருங்கிய உறவுள்ள சேர்மங்களுக்கு ஒரு கிலோகலோரி பிசகுக்குள் சொல்லும். நேரமும் கணினியும் நிறைய வேண்டும்.

கேள்வி: மூலக்கூறு படங்களில் தண்ணீரைக் காட்டுவதே இல்லை. ஆனால் எல்லோரும் தண்ணீரைப் பற்றியே பேசுகிறார்கள். – வேதியியல் பட்டதாரி

பதில்: படம் அழகாக இருக்க வேண்டும் என்று அழித்துவிடுகிறார்கள். குழி ஒருபோதும் காலியாக இல்லை, தண்ணீர் இருக்கிறது. மருந்து உள்ளே போக வேண்டுமென்றால் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். எண்ணெய்ப் பாங்கான மூலையில் நிம்மதியில்லாமல் நிற்கும் தண்ணீரை வெளியேற்றினால் லாபம். நான்கு பக்கமும் கை கோத்து நிற்கும் தண்ணீரைக் கிளப்பினால் நஷ்டம். எச்ஐவி கிருமி பெருகத் தேவையான நொதி எச்ஐவி புரோட்டியேஸ், அது ஒரே மாதிரியான இரண்டு சங்கிலிகள் சேர்ந்த புரதம், ஒவ்வொன்றிலும் 99 அமினோ அமிலம். அதில் மருந்துக்கும் புரதத்துக்கும் நடுவே எப்போதும் ஒரு தண்ணீர் மூலக்கூறு நின்றது. அந்தத் தண்ணீரின் வேலையை மருந்தே செய்யட்டும் என்று, அதன் இடத்தில் சரியாக வந்து உட்காரும் வளைய யூரியா சேர்மங்களை 1994-இல் வடிவமைத்தார்கள். வடிவமைப்பாகப் பார்த்தால் அபாரம், பாடத்தில் வைக்கலாம். அந்த வரிசையில் எதுவும் சந்தைக்கு வரவில்லை. சந்தைக்கு 1995 டிசம்பரில் முதலில் வந்தது சக்வினாவிர், தண்ணீரை அதன் இடத்திலேயே விட்டுவைத்த மருந்து.

கேள்வி: ஆல்ஃபாஃபோல்டு வந்த பிறகு இந்த எக்ஸ்-கதிர், படிகம் எல்லாம் எதற்கு? நோபல் பரிசே கொடுத்துவிட்டார்களே! – மென்பொருள் பொறியாளர்

பதில்: ஆல்ஃபாஃபோல்டு என்பது அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் புரதத்தின் உருவத்தைக் கணித்துச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள். 2024 வேதியியல் நோபலில் பாதி அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும், மற்ற பாதி புரதங்களைப் புதிதாக வடிவமைக்கும் டேவிட் பேக்கருக்கும். தகுதியானவர்களுக்குத்தான் போயிருக்கிறது. 2020-இல் புரத உருவத்தைக் கணிக்கும் போட்டியில் அது ஜெயித்த முடிவுகள் வந்த அன்று நானும் வாயைப் பிளந்தவன்தான்.

ஆனால் ஆல்ஃபாஃபோல்டு எதைப் படித்து வளர்ந்தது? புரதத் தரவு வங்கியைப் படித்து. 1971-இல் ஏழு அமைப்புகளோடு தொடங்கி, அரை நூற்றாண்டாகப் படிகத்தோடும் நுண்ணோக்கியோடும் மல்லுக்கட்டியவர்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்த இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட அமைப்புகள் அவை. அந்த அமைப்புகள் சரியா என்று சோதிக்க இன்றும் போடப்படும் படம் ராமச்சந்திரன் வரைபடம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் 1963-இல் வெளியிட்டது. சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எந்தக் கோணத்தில் திரும்பினால் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்பதை ஒரே படத்தில் அடக்கிவிட்டார்கள். ஆல்ஃபாஃபோல்டு தரும் உருவத்தையும் இதில் போட்டுத்தான் பார்க்கிறோம்.

இரண்டு புரதங்களைச் சேர்த்துக் கொடுத்தால் எப்படி ஒட்டும் என்றும் அது சொல்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் தந்திரம் பரிணாமம். பல உயிரினங்களில் அதே ஜோடிப் புரதங்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால், ஒன்றின் ஒட்டும் பரப்பில் ஓர் எழுத்து (அதாவது ஓர் அமினோ அமிலம்) மாறிய இடங்களிலெல்லாம் மற்றதிலும் அதற்கு ஈடாக ஓர் எழுத்து மாறியிருக்கும். நீண்ட நாள் சேர்ந்து வாழ்ந்தவர்கள் மாதிரி. இந்தத் தடயம் இருக்கும் இடத்தில் அது கில்லாடி. நோய் எதிர்ப்பொருளும் அது பிடிக்கும் கிருமிப் புரதமும் அப்படிச் சேர்ந்து வளர்ந்தவை அல்ல, எதிர்ப்பொருள் சில வாரங்களில் உருவானது. அங்கே தடுமாறுகிறது. ஒரே ஓர் எழுத்து மாறினால் பிணைப்பு என்ன ஆகும் என்று கேட்டாலும் பெரும்பாலும் பழைய உருவத்தையே திருப்பித் தருகிறது, அரிவாள் செல் நோய் அந்த ஓர் எழுத்தில்தான் இருக்கிறது என்று மேலே சொன்னேன்.

இன்னொன்று, அது உருவத்தோடு தன் நம்பிக்கையையும் எண்ணாகச் சொல்கிறது, அதை யாரும் படிப்பதில்லை. ஓர் அமினோ அமிலத்துக்கு 90-க்கு மேல் என்றால் நம்பலாம். 50-க்குக் கீழ் வந்த பகுதி நூல்கண்டு பிரிந்த மாதிரி கிடக்கும், உண்மையிலேயே நிலையான வடிவமில்லாத பகுதியாகவும் இருக்கலாம். இரண்டு புரதங்கள் சேரும் இடத்துக்கு ஐபிடிஎம் என்று தனி எண்: 0.8-க்கு மேல் நல்லது, 0.6-க்குக் கீழ் குப்பையாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் துறையில் பிழைச் செய்தியைப் படிக்காமல் மூடுவீர்களா?

கேள்வி: பிரிப்பதற்குத்தான் மருந்தா? சேர்த்துவைக்கும் மருந்து உண்டா? – ஒரு வாசகர்

பதில்: உண்டு, அதில் மிகவும் பிரபலமானது மிகவும் கெட்ட பெயர் எடுத்தது. தாலிடோமைடு. கர்ப்பிணிகள் தூக்கத்துக்கும் குமட்டலுக்கும் சாப்பிட்ட மருந்து அது, 1961-இல் திரும்பப் பெறப்படுவதற்குள் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்தார்கள். அது செரெப்ளான் என்ற புரதத்தில் ஒட்டுகிறது என்று தெரியவே 2010 ஆனது. ஒட்டி, அதன் முகத்தைக் கொஞ்சம் மாற்றி, வழக்கமாக அது தொடாத புரதங்களைப் பிடிக்க வைக்கிறது, பிடிபட்டவை செல்லின் குப்பைத் தொட்டிக்குப் போகின்றன. கருவில் அப்படிப் போனது கை கால் வளர்ச்சிக்கு வேண்டிய ஒன்று. அதே வழியில் லெனாலிடோமைடு எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்ச் செல்லுக்கு வேண்டிய இரண்டு புரதங்களை அழிக்கிறது, இன்று முக்கியமான மருந்து. மூலக்கூறுப் பசை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இன்னும் சாதுவான உதாரணம் டஃபாமிடிஸ். டிரான்ஸ்தைரெட்டின் நான்கு துண்டுகள் சேர்ந்த புரதம், பிரிந்தால் துண்டுகள் கோணலாகி இதயத்திலும் நரம்பிலும் படியும். இந்த மருந்து துண்டுகள் சேரும் இடுக்கில் போய் உட்கார்ந்து பிரியாமல் பார்த்துக்கொள்கிறது. கணினிக்காரர்களுக்கு இது எளிது, குழி ஏற்கெனவே இருக்கிறது. பசைகளில் அப்படியில்லை, மூன்றாவது ஆள் வந்த பிறகுதான் குழியே உருவாகிறது. இன்றைக்கு எனக்குத் தூக்கம் கெடுக்கும் கணக்கு இதுதான்.

கேள்வி: என் அப்பாவுக்குக் கணையப் புற்றுநோய். கேராஸ் என்ற புரதம் மாறியிருக்கிறது என்றார்கள். இவ்வளவு வேகமான கணினிகள் இருந்தும் ஏன் இவ்வளவு தாமதம்? – பெயர் வேண்டாம் என்று எழுதியவர்

பதில்: உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நேராகவே சொல்கிறேன்.

மனிதப் புற்றுநோயில் ராஸ் மரபணு (கேராஸ் அந்தக் குடும்பத்தில் ஒன்று) மாறியிருப்பது 1982-இலேயே தெரியும். அந்தப் புரதத்தில் இருக்கும் ஒரே நல்ல குழியில் ஜிடிபி (GTP) என்ற மூலக்கூறு அவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது, செல்லுக்குள் அது தாராளமாகவும் கிடைக்கிறது, அதோடு போட்டி போட்டு எந்த மருந்தும் ஜெயிக்க முடியவில்லை. மற்ற இடமெல்லாம் வழவழப்பு. 2013-இல் கெவன் ஷோகட் குழு, பழைய படிகங்கள் எதிலும் தெரியாத ஒரு குழியைக் கண்டது. மருந்து வந்து தொட்டால்தான் அது திறக்கும். பூட்டு நடுங்குகிறது என்று சொன்னேனே, அந்த நடுக்கத்துக்குள் ஒளிந்திருந்த குழி. அதை வைத்து சோட்டோராசிப் 2021-இல் வந்தது, ஆனால் பன்னிரண்டாவது இடத்தில் கிளைசின் சிஸ்டீனாக மாறிய வகைக்கு மட்டும், அதுவும் முதலில் நுரையீரல் புற்றுநோய்க்கு. கணையத்தில் அந்த வகை அரிது, வேறு மாற்றங்கள்தான் அதிகம். அவற்றுக்கான மருந்துகள் நோயாளிகளிடம் சோதனையில் இருக்கின்றன.

கணினி வேகப்படுத்துவது தொடக்கத்தில் இருக்கும் சில ஆண்டுகளை. அதற்குப் பிறகு, உடம்புக்குள் போய்ச் சேருகிறதா, கல்லீரல் தாங்குகிறதா, மனிதர்களுக்கு உண்மையில் பலன் தருகிறதா என்று பார்க்கும் ஆண்டுகளை அது அதிகம் குறைத்துவிடவில்லை. மனிதச் சோதனை வரை வரும் பத்து மருந்துகளில் ஒன்பது அங்கேதான் விழுகின்றன. உங்கள் மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: அப்பாவுடைய கேராஸ் மாற்றம் எந்த வகை, அந்த வகைக்கு இப்போது சேரக்கூடிய மருத்துவச் சோதனை ஏதாவது நடக்கிறதா. தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: பள்ளி இறுதி ஆண்டு படிக்கிறேன். இதையெல்லாம் வீட்டில் இருந்தே செய்து பார்க்க முடியுமா, பெரிய கணினி வேண்டுமா? – மாணவர்

பதில்: சாதாரண மடிக்கணினி போதும். புரதத் தரவு வங்கியில் உள்ள எல்லா அமைப்புகளும் இலவசம், உலாவியிலேயே திருப்பிப் பார்க்கலாம். ஆட்டோடாக் வினா என்ற டாக்கிங் மென்பொருளும் இலவசம், ஆனால் உடனே அதில் இறங்க வேண்டாம், எண்களைக் கண்டதும் மயங்கிவிடுவீர்கள். மேலே ஆய்வு மாணவிக்கு எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டு இறங்குங்கள்.

முதலில் ஒரு மாதம் வெறுமனே பாருங்கள். வங்கியில் 1ஒய்சிஆர் என்று தேடினால் எம்டிஎம்2-ஓடு பி53-இன் துண்டு ஒட்டியிருக்கும் அமைப்பு வரும். எம்டிஎம்2-க்கு மட்டும் மேற்பரப்பைப் போட்டு, பி53-ஐக் குச்சிகளாக வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்புங்கள். மூன்று அமினோ அமிலங்கள் குழிக்குள் இறங்கியிருக்கும் என்று சொன்னேன் அல்லவா, அவை சங்கிலியில் எத்தனையாவது எண்கள் என்று எழுதி அனுப்புங்கள். விடையை நான் இங்கே அச்சிடப்போவதில்லை.